தாயுமானவடிகளும் நிலைபிரிந்தோர் கூடுமாறும்

உயிர்கட்கு நேருந் துன்பங்களுள் உடம்பின்கண் தோன்றுவன சில; மனத்தின்கண் தோன்றுவன பல. உடம்பின் துன்பம் மருந்தாலும் ஓய்வாலும் நீங்கும். மனத்தின் துன்பமோ உடம்பு ஓய்ந்திருக்கும் பொழுதே மிகுதியாக எழும். பகலெல்லாம் அலுவலிடத்துக் கணக்கும், இல்லத்துச் செலவும், மக்கட்குரிய கல்வியும், சுற்றத்தார் பிணக்கும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து மோத, இரவிற் பாயலிற் சாய்ந்த பின்னரும் மனம் அவற்றையே மென்றுகொண்டிருக்கின்றது. நேற்று நிகழ்ந்ததனை நினைந்து இரங்குதலும் நாளை நிகழ்வதனை நினைந்து அஞ்சுதலுமாகிய இரண்டற்கும் இடையே இன்றைப் பொழுது வாளா கழிகின்றது. இதனை இக்காலத்தார் மனவழுத்தம் என்று வழங்குவர். பெயர் புதிது, பொருள் பழைது.

இதனைத் தணித்தற்பொருட்டு மேலைநாடுகளில் ஒரு பயிற்சி பெருவழக்காகப் பரவியுள்ளது. அதன் வரலாறு சுருக்கமாக அறியத்தக்கது. புத்தசமயத்து எட்டுறுப்பு நெறியுள், பாலிமொழியிற் ‘சதி’ எனப்படும் உறுப்பொன்று உண்டு. வடமொழி ‘ஸ்மிருதி’ என்பதனோடு ஒத்த அச்சொற்கு நினைவு, மறவாமை என்பன பொருள். தமிழில் அவ்வுறுப்பினை நற்கடைப்பிடி என்பர். கடைப்பிடி என்பதற்கும் மறவாமை ஒரு பொருளாதலின் அப்பெயர் மிகப் பொருத்தமுடைத்து. இலங்கையில் அரசாங்க அலுவல் பார்த்துப் பின்னர்ப் பாலிமொழி ஆராய்ச்சியிற் புகுந்த ரீஸ் டேவிட்ஸ் என்னும் ஆங்கிலேயர், 1881ஆம் ஆண்டில் வெளிவந்த தம் மொழிபெயர்ப்பில் அதற்கு ‘மைண்ட்புல்னெஸ்’ என்னும் ஆங்கிலச் சொல்லைப் பெய்தார். பர்மா நாட்டில் மகாசி சயாதோ (1904–1982) முதலிய துறவிகள் அப்பயிற்சியை இல்லறத்தார்க்குங் கற்பித்தனர். 1979ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜான் கபாட்-ஜின் என்பார், அதனைச் சமயச் சார்பினின்றும் பிரித்தெடுத்து, நெடுநாள் நோயால் வருந்துவார்க்கு எட்டு வாரப் பயிற்சியாக அமைத்தார். மூச்சின் போக்கைக் கவனித்தலும், உடம்பின் உறுப்புக்களை முறையே உணர்ந்து வருதலும், மனம் விலகியவிடத்து அதனை வெகுளாது மீட்டுக் கொணர்தலும் அதன் கூறுகளாம்.

இப்பயிற்சியாற் பலர் பயன்பெற்றனர் என்பது மறுக்கற்பாலதன்று. ஆயின் இதனைக் கேள்வியுற்ற சைவ நன்மக்களுட் சிலர், ‘நம் சமயத்தில் வழிபாடு உண்டு, விழா உண்டு, சாத்திரம் உண்டு, நாட்கவலையாற் சுழலும் மனத்தைச் சிறிது சிறிதாகப் பழக்கி அமைதிப்படுத்தும் முறையொன்று உண்டோ?’ என ஐயுறுகின்றனர். வேறு சிலர் ‘சும்மா இரு’ என்னும் உபதேசத்தை எடுத்துக்காட்டி, ‘இதனினும் எளியது யாதுளது?’ என்று கூறி அமைகின்றனர். முன்னையோர் தம்பால் உள்ளதனை இல்லதென்கின்றனர். பின்னையோர் அரியதனை எளியதென்கின்றனர். இருதிறத்தார் மயக்கமும் நீங்குதற்கு, அவ்வுபதேசத்தைப் பெற்று அரசவையிலும் இல்லத்திலும் இருந்து பல்லாண்டு பயின்ற தாயுமானவடிகள் வரலாற்றை ஆராய்தலே தக்க வழியாம்.

காலமும் அலுவலும்

அடிகள் காலத்தைப் பற்றி ஆராய்ச்சியாளருள் வேற்றுமை உண்டேனும், 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதி என்பதே பெரும்பாலார் துணிபு. திருச்சிராப்பள்ளியைத் தலைநகராகக்கொண்டு மதுரை நாயக்கர் ஆண்ட இறுதிக்காலம் அது. இராணி மங்கம்மாள் 1689 முதல் 1706 வரை தம் பெயரன் பொருட்டு நாட்டைக் காத்தார். அப்பெயரராகிய விசயரங்க சொக்கநாத நாயக்கர் 1706 முதல் 1732 வரை ஆண்டார். அவர் தல யாத்திரையிலும் கோயிற்கொடையிலும் பெருவிருப்புடையவர். ஆட்சிச்சுமையோ பெரும்பாலும் அமைச்சர் மீதும் அதிகாரிகள் மீதுமே நின்றது. பாளையக்காரர் ஒருபுறமும், தஞ்சை மராட்டியரும் மைசூராரும் ஆர்க்காட்டாரும் மறுபுறமுமாக நெருக்கிய காலம் அது. மன்னர் மகப்பேறின்றி 1732இல் இறந்த பின், அவர் தேவியாராகிய மீனாட்சி அரசேற்றார். உரிமைப்போரும் சந்தாசாகிபின் வரவும் சேர்ந்து சில்லாண்டுகளுக்குள் அவ்வரசையே முடித்துவிட்டன.

இத்தகைய அரசவையிலே கணக்கும் ஓலையும் ஏற்று நடத்துவோர் சம்பிரதி எனப்பட்டனர். திருமறைக்காட்டு வேளாளர் குலத்துக் கேடிலியப்ப பிள்ளையை நாயக்க மன்னர் அழைத்து அவ்வலுவலில் அமர்த்தினர் என்பர். தம் தலைமகனாகிய சிவசிதம்பரத்தைத் தமையனார்க்கு மகவாகக் கொடுத்துவிட்ட அவர், மலைக்கோயில் எழுந்தருளிய தாயுமான பெருமானை வேண்டிப் பெற்ற புதல்வரே அடிகளாவர். தந்தையார் மறைவிற்குப் பின்னர் அவ்வலுவல் அடிகள்பால் வந்தது. ஆகவே, அடிகள் காட்டிற் பிறந்து காட்டில் வளர்ந்த முனிவர் அல்லர். வரவு செலவும், வழக்கும், அரசன் குறிப்பும், உடனுழைப்பார் அழுக்காறும் சூழ்ந்த அலுவலிடத்தே நாளும் அமர்ந்திருந்தவர். இக்காலத்து அலுவலர் ஒருவர் தம் நிலையை அடிகள் நிலையோடு ஒப்பிட்டுக் காண்பதற்கு இடையூறு ஒன்றுமில்லை.

அடிகளைப் பற்றி வழங்கும் செவிவழி வரலாறொன்று ஈண்டு நினைக்கத்தக்கது. ஒருநாள் அரசவையில், கையிற் கொடுக்கப்பட்ட முதன்மையான ஓலைப்பத்திரத்தை அடிகள் தம்மை மறந்தவராய்க் கசக்கினர், அவையோர் வெகுண்டனர். அந்நேரத்தே திருவானைக்காவில் அகிலாண்டவல்லி திருவாடையிற் பற்றிய தீயைத் தம் கையால் அணைத்தமையே அச்செயல் என்பது பின்னர்ப் புலப்பட்டது என்பர். அன்பர்கள் இதனை அடிகளது அருட்டிறத்திற்குச் சான்றாகக் கொள்வர். வரலாற்றுக் கண்கொண்டு நோக்குவார்க்கு இதனுள் மற்றொன்றும் விளங்கும். ஒரு மனத்தை இருவேறு கடமைகள் ஒருங்கே பற்றி ஈர்த்தன. அரண்மனைக் கணக்கு ஒருபால் ஈர்க்க, அம்மையின் திருமுன் ஒருபால் ஈர்த்தது. இவ்விரண்டனையும் ஒருவழிப்படுத்துமாறு யாங்ஙனம் என்பதே அடிகள் குருவை நாடி நின்றதற்குக் காரணமாம்.

குருவும் கட்டளையும்

மலைக்கோயிலை அடுத்திருந்த மௌனகுருவை அடிகள் கண்டு அடிமையாயினர். அக்குரவர் திருமூலர் வழியில் வந்தவர் என்பதனை, ‘மௌனகுரு வணக்கம்’ என்னும் பகுதியின் பாட்டுத்தோறும் அடிகளே இறுதியிற் கூறிப் போற்றுகின்றனர். அங்குள்ள மௌன மடம் தருமபுர ஆதீனத்தைச் சார்ந்தது. இதனால் அடிகள் சைவசித்தாந்த மரபின் உள்ளே நின்று உபதேசம் பெற்றவர் என்பது போதரும். அடிகளை மாயாவாதியர் பக்கத்திற் சேர்த்துக் கூறுவார் எந்நாட்கண்ணியுள் குருமரபின் வணக்கத்தை நோக்குவாராக. ஆண்டு மெய்கண்ட தேவரையும் அருணந்தி சிவத்தையும் அடிகள் வாயார வாழ்த்துதல் காணலாம்.

குரவர் அருளிய மொழி ‘சும்மா இரு’ என்னும் இரண்டு சொல்லே. அதனைப் பெற்றவுடன் அடிகள் அலுவலையும் இல்லத்தையும் துறந்து உடன்செல்ல விரும்பினர். குரவரோ உடன்பட்டிலர். இல்லறத்தில் நின்று ஒரு மகவு பெற்ற பின்னர்த் தாமே மீண்டு வருவதாகக் கூறிச் சென்றனர் என்பது வரலாறு. சிந்திப்பார்க்கு இஃது உபதேசத்தினும் பெரிய உபதேசமாம். ‘சும்மா இரு’ என்றவர் ‘ஓடி வா’ என்றிலர். ‘இருந்தவாறே இரு’ என்றனர். சும்மாவிருத்தல் இடத்தை மாற்றுதலன்று, சார்பை மாற்றுதலே என்பது குரவர் கருத்தாதல் இதனாற் பெறப்படும்.

இடைப்பட்ட ஆண்டுகள்

அதன்பின் நிகழ்ந்தனவற்றை முறையே நோக்குக. மன்னர் மறைந்தபின் அரசியார் பொருட்டு நேர்ந்த இடுக்கணால் அடிகள் திருச்சிராப்பள்ளியை நீங்கி இராமநாதபுரம் பக்கஞ் சென்றனர். தமையனார் தேடிவந்து அழைக்கத் திருமறைக்காட்டை அடைந்தனர். மட்டுவார்குழலி என்னும் நங்கையாரை மணந்தனர். கனகசபாபதி என்னும் புதல்வர் பிறந்தனர். மனைவியார் இறந்தனர். அதன் பின்னரே குரவர் மீண்டும் எழுந்தருளித் துறவுநிலை அருளினர். பின்னர்த் தலங்கள் பல வணங்கி, இராமநாதபுரத்தை அடுத்த இலட்சுமிபுரத்தில் நிட்டை கூடினர். இன்றும் தை விசாகத்தில் அடிகள் குருபூசை நிகழ்கின்றது.

இரண்டு சொல்லைச் செவியிற் கேட்டது ஒரு கணத்தில். அது முற்ற விளைந்ததோ அலுவல், அச்சம், ஊர்விட்டு நீங்கல், மணம், மகப்பேறு, பிரிவு என்னும் இத்துணையும் கடந்த பின்னர். ஞானநெறியிற் கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டைகூடல் என நான்கு படிகளை நம் ஆசிரியர் வகுத்தனர். அடிகள் வரலாற்றில், திருச்சிராப்பள்ளியிற் கேட்டலும், திருமறைக்காட்டு இல்லறத்திற் சிந்தித்தலும் தெளிதலும், இராமநாதபுரத்தில் நிட்டையும் நிகழ்ந்தன எனக் கொள்ளுதல் பொருந்தும். நடுவிலுள்ள இரண்டு படிகளே நீளமானவை. அவையே இல்லறத்தில் நிகழ்ந்தவை.

பாடல்கள் காட்டும் சான்று

இவ்வாறு கொள்ளுதற்கு அடிகள் திருப்பாடல்களே சான்றாவன. தேசோமயானந்தம் என்னும் பகுதியில், மதயானையை வசமாக்கி நடத்துதல், கரடி புலிகளின் வாயைக் கட்டுதல், சிங்கத்தின் மேல் ஏறுதல், பாம்பை எடுத்து ஆட்டுதல் முதலாகச் செயற்கரிய வித்தைகளை ஒவ்வொன்றாக அடுக்கி, இவையெல்லாம் ஒருவாற்றான் இயலும். சிந்தையை அடக்கிச் சும்மா இருக்குந் திறமோ அரிது என முடிக்கின்றனர். எளியதொன்றை இங்ஙனம் கூறுவார் ஒருவரும் இலர். பயின்று பார்த்து, பல்கால் தவறி, அதன் அருமையைத் தம் அநுபவத்திற் கண்டவரே இவ்வாறு கூறுவர்.

மௌனகுரு வணக்கத்திலும் யானை வருகின்றது. ஆங்கே அடிகள் தம்மையே ஞான மதகளிறாக உருவகிக்கின்றனர். அக்களிறு ஆசையாகிய விலங்கினைப் பொடிபட உதறுகின்றது. ஆங்காரமாகிய தறியினை எற்றுகின்றது. பரந்த மனத்தைக் கவளமாக உண்கின்றது. குரவரது சின்முத்திரையாகிய அங்குசத்தில் அடங்குகின்றது. அவ்வாறு தம்மை ஆக்கிய குரவரது செயலைக் குறிக்க அடிகள் ஆளுஞ் சொல் ‘வளர்த்தல்’ என்பது. பெற்றாய் என்றிலர், செய்தாய் என்றிலர். யானைக்கன்று பாகன் கையில் வளர்தற்கு ஆண்டுகள் பல வேண்டும். ஒரு நாளிற் கவளம் ஊட்டி மறுநாளிற் பட்டத்து யானையாக்குதல் எவர்க்கும் இயலாது. முற்கூறிய பாட்டில் அடக்கற்கரிதென்ற மனமே இப்பாட்டில் உணவாகி ஒடுங்குதல் காண்க. அரிது என்றது தன் முயற்சியொன்றே பற்றி; ஒடுங்கிற்று என்றது குருவருள் பற்றி.

பிறிதொன்றும் குறிக்கத்தக்கது. பராபரக்கண்ணி 389 கண்ணிகளை உடையது. ஒவ்வொன்றும் இறைவனை விளித்து முடிவது. மனம் அலைகின்றதென்னும் முறையீடும், பொய்யிற் பழகினேன் என்னும் இரக்கமும், உயிர்கள் மாட்டு வேண்டும் அன்பும் எல்லாம் அவ்விளியிலே சென்று அடங்குகின்றன. கவலையுற்றார் இயல்பு யாதெனின், தம் கவலையைத் தம்மொடு தாமே பேசிப் பெருக்குதல். அடிகள் முறையோ அதே கவலையை இறைவன்பாற் கூறுதல். சொல்லப்படும் பொருள் ஒன்றே, கேட்பார் மாறினர். அம்மாற்றத்தால், நெஞ்சின் புலம்பல் வழிபாடாயிற்று. உயிர் சார்ந்ததன் வண்ணமாம் என்னும் சித்தாந்த உண்மை செயற்படும் முறை இதுவே. கவலையைச் சார்ந்து கவலையேயாய் நின்ற உயிர், அக்கவலையைக் கேட்போனைச் சார்தலால் அவன் வண்ணமாகின்றது.

நிலைபிரிந்தோர் கூடுதற்கு உபாயம்

அடிகள் நூலுட் பயிற்சி முறையைத் தெளிவாகக் காட்டும் பகுதி எந்நாட்கண்ணியாம். கண்ணிதோறும் ‘எந்நாளோ’ என்னும் ஏக்கத்தோடு முடியும் அந்நூல் 15 தலைப்புக்களாகப் பகுக்கப்பட்டுள்ளது. தெய்வ வணக்கம், குருமரபின் வணக்கம், அடியார் வணக்கம் என்பன முதற்கண் நிற்கின்றன. தத்துவ முறைமை, தன் உண்மை, அருள் இயல்பு, பொருள் இயல்பு, ஆனந்த இயல்பு முதலியன இடையில் வருகின்றன. ஈற்றயலில் ‘நிற்கும் நிலை’ என்னும் தலைப்பு உளது. நூல் அதனோடு முடிந்திருப்பின் முறையாக முடிந்ததென்றே எவரும் கருதுவர். நிற்கும் நிலைக்கு மேல் வேண்டுவது யாது? ஆயின் அதன் பின்னரும் ஒரு தலைப்பு நின்று நூலை முடிக்கின்றது. அதுவே ‘நிலை பிரிந்தோர் கூடுதற்கு உபாயம்’ என்பது.

இவ்வைப்புமுறையின் நுட்பம் பலகாலும் நினைக்கத்தக்கது. நிலைபெற்றவரும் நிலையினின்றும் பிரிவர். பிரிந்தார்க்கும் கூடும் வழி உண்டு. அவ்வழியைக் கூறாது நூல் முற்றுப்பெறாது என்பன இதனாற் பெறப்பட்டன. ஆண்டு அடிகள் வேண்டுவது யாதெனின், ஞானநெறி தானே நழுவினும், மூன்று பதங்களின் முறையிலே தாம் அடங்கி நிற்கும் நாளையும், கேட்டல் முதலிய நான்கினாலே நாற்பதமும் வாடாது தமக்கு வாய்க்கும் நாளையும் வேண்டுகின்றனர். மூன்று பதங்களாவன சரியை, கிரியை, யோகம் என்பன. மேற்படியினின்றும் வழுக்கியவர் படிக்கட்டினையே விட்டு ஓடுதல் கூடாது. கீழ்ப்படியிற் காலூன்றி மீண்டும் ஏறுதல் வேண்டும் என்பது கருத்து. தியானம் கைகூடாத நாளிற் பூசை உண்டு. பூசையில் மனம் ஒன்றாத நாளிற் கோயிலுக்குச் சென்று அலகிடுதலும் மலர் தொடுத்தலும் உண்டு. நாற்பதமும் ஏணியாவது ஏறுவார்க்கு மட்டுமன்று. இழிந்தார்க்கும் அதுவே பற்றுக்கோடாம். வழுக்கியதற்காக வருந்தி அழுந்துதலினும் மீளுதலே செய்யத்தக்கது என்னும் இவ்வுண்மையையே, மனம் விலகியவிடத்து வெகுளாது மீட்க என இக்காலத்துப் பயிற்சியாளருங் கூறுகின்றனர். அடிகள் அதற்கு இருநூற்றாண்டுகளுக்கு முன்னரே அதனைத் தலைப்பிட்டு வைத்தனர்.

காலம் வேண்டுதற்குக் காரணம்

அற்றேல், உண்மையை உணர்ந்தார்க்கும் மனம் மீண்டும் அலைதற்குக் காரணம் என்னையெனின், அதற்குச் சிவஞானபோதம் விடை கூறும். ஒன்பதாஞ் சூத்திரத்துள், வேம்பைத் தின்று பழகிய புழுவை மெய்கண்டதேவர் உவமையாக எடுத்தனர். அப்புழுவுக்குக் கரும்பைக் காட்டினும், பழக்கத்தால் அது மீண்டும் வேம்பினையே நாடும். கரும்பு இனியதன்று என்பதனாலன்று. வேம்பிற் பயின்ற பயிற்சி வலியது என்பதனால். உயிரும் பிறவிதோறும் விடயங்களிற் பயின்றமையால், திருவருளைக் கண்ட பின்னரும் பண்டைச் சுவடு பற்றி அவற்றையே நோக்குகின்றது. இதனை வாசனாமலம் என்பர். அறிவொன்றால் மட்டும் இது நீங்காது. பழக்கத்தால் வந்தது பழக்கத்தாலேயே நீங்கும். அதன்பொருட்டே திருவைந்தெழுத்தை விதிப்படி எண்ணுமாறு அச்சூத்திரம் பணித்தது. பன்னிரண்டாஞ் சூத்திரமும், மலங்கழுவிய பின்னரும் அடியார் கூட்டத்தையும் திருவேடத்தையும் ஆலயத்தையும் விடாது பற்றுமாறு கூறி நூலை முடித்தது. சீவன்முத்தர்க்கே இவ்விதி உளதாயின், அலுவற் கவலையால் உழலும் இல்லறத்தார்க்கு நாட்பயிற்சி இன்றியமையாதென்பது கூறாமலே அமையும்.

ஆகவே, சில நாள் ஐந்தெழுத்தை ஓதிவிட்டு, ‘மனம் அடங்கவில்லை, இதனாற் பயனில்லை’ என்று கைவிடுவார் வேம்பின் வலியை அறியாதார் ஆவர். எட்டு வாரப் பயிற்சி வகுத்தாரும் நாள்தோறும் முக்கால் மணி அளவு இல்லத்திற் பயிலுமாறு விதித்தனர். வாரம் எட்டோடு அது முடிந்ததென்றும் கூறினாரல்லர். பயிற்சியின் அருமையை எந்நாட்டாரும் ஒருவாறு உணர்ந்தே உளர்.

தடையும் விடையும்

ஈண்டு மூன்று தடைகள் நிகழ்தல் கூடும்.

சும்மாவிருத்தல் சோம்பலாகாதோ எனின், ஆகாது. அவ்வுபதேசம் பெற்ற அடிகள் அலுவல் பார்த்தனர், இல்லறம் நடத்தினர், ஆயிரத்து நானூற்றின் மேற்பட்ட திருப்பாடல்களை அருளினர். சோம்பினார் ஒருவரால் இவை இயலா. கை தொழிற்படினும் ‘யான் செய்கின்றேன்’ என்னும் முனைப்பு ஓய்ந்திருத்தலே சும்மாவிருத்தல். அலுவலில் உழைப்பாரை வருத்துவது பெரும்பாலும் அலுவலன்று; அதன்மேல் ஏற்றிவைத்த ‘யான்’, ‘எனது’ என்னும் சுமையே. பரிபூரணானந்தத்துள் அடிகள் ஆசைக்கு எல்லையின்மையை விரித்து, உலகாள்வான் கடலையும் ஆளக் கருதுதலையும், பெருஞ்செல்வன் பொன்செய்யும் வித்தைக்கு அலைதலையும், நெடுநாள் வாழ்ந்தவன் காயகற்பம் தேடி நெஞ்சு புண்ணாதலையும் காட்டி, முடிவில் எஞ்சுவன உண்ணுதலும் உறங்குதலுமே என்றனர். சுமையை இறக்கினார்க்கு நடை விரைவாகுமேயன்றிக் கால் ஓயாது.

மூச்சைக் கவனித்தலே போதாதோ, இறைவனை நினைத்தல் எதற்கெனின், கூறுதும். மனம் மாயையின் காரியமாகிய கருவி, சடம். கருவி தன்னைத் தானே திருத்திக்கொள்ளாது. வாள் தன் கூர்மையைத் தானே தீட்டிக்கொள்ளாதவாறு போல. மனத்தை மனத்தால் நோக்கியிருத்தலாற் சிறிது ஓய்வு கிட்டும். நோயாளிக்கு அவ்வோய்வும் பெரும்பயனே. அதனை இகழ்தல் தகாது. ஆயின் ஓய்வு வேறு, வீடு வேறு. அலையடங்கிய குளத்தில் நீர் தெளிவாகும். அத்தெளிவிற் காணப்படுவது யாது என்னும் வினாவிற்கு அப்பயிற்சி விடை கூறுவதன்று. புத்தர் வகுத்த நெறியினுள்ளும் நற்கடைப்பிடி எட்டனுள் ஒன்றேயன்றித் தனித்து நின்றதன்று. ஓருறுப்பை மட்டும் வெட்டியெடுத்து வைப்பின் அஃது அவ்வளவிற் பயன்தரும். சித்தாந்தச் சைவர்க்கோ மறவாமை என்பது திருவடி மறவாமை. நினைவிற்கு ஒரு பற்றுக்கோடு இருத்தலின், அது நிலைபிரிந்து மீளுங்கால் வெற்றிடத்திற்கு மீளாது, தாயின்பால் மகவு மீளுமாறு மீளும்.

குருவருள் வாய்த்த அடிகட்கே கைகூடியது நம்மனோர்க்கு எவ்வாறு கைகூடும் எனின், அடிகள் தாமும் ‘எந்நாளோ’ என்றே ஏங்கினர் என்பதனை மறத்தலாகாது. அவ்வேக்கமே பயிற்சியின் உயிர். கைகூடிற்றென்று செருக்குதலும், கைகூடாதென்று சோர்தலும் ஆகிய இரண்டனையும் அது விலக்கும்.

முடிபு

இதுகாறும் கூறியவாற்றால், நாட்கவலையால் உழலும் மனத்தைக் காலமுறையிற் பழக்கும் நெறி சைவத்தில் உண்டு என்பதும், அது துறவிகட்கே உரியதன்றி அலுவலும் இல்லமும் உடையார்க்கும் உரியது என்பதும், அந்நெறியில் வழுக்குதல் தோல்வியாகாது, மீளாமையே தோல்வி என்பதும் தாயுமானவடிகள் வரலாற்றாலும் வாக்காலும் தெளியப்பட்டன.

சைவ நன்மக்கள் செய்யத்தக்கது அரியதன்று. விடியலில் எழுந்து நீராடித் திருநீறணிந்து, அன்றைய அலுவலின் நினைவு உட்புகுமுன் சிறிது பொழுது ஐந்தெழுத்தை எண்ணுக. மனம் கணக்கிற்கோ வழக்கிற்கோ ஓடின், ஓடியதென்று அறிந்த அப்பொழுதே எழுத்திற்கு மீள்க; ஓடியதற்கு வருந்தி மற்றொரு கவலையைப் படைத்துக்கொள்ளற்க. நண்பகலில் அலுவலிடையே ஒருகால் நினைக. மாலையிற் கோயில் வாயிலை ஒருமுறை மிதிக்க. இரவில் கவலை எழின் அதனைத் தம்மொடு பேசாது இறைவனொடு பேசுக. ஒருநாள் தவறின் மறுநாள் தொடங்குக. ஒரு திங்கள் தவறினும் மறு திங்களில் தொடங்குக. அரண்மனைக் கணக்கரொருவர் இவ்வழியிற் பல்லாண்டு நடந்து சும்மா இருந்தனர். அவர் நடந்த வழி இன்றும் அடைபடாது கிடக்கின்றது.

திருச்சிற்றம்பலம்.